எப்போ வந்தீங்க?

கனடாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்கார்பரோவில் ஒரு கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "எப்ப வந்தனீங்கள், பிள்ளை?" என்றார். சொன்னேன். "நாங்கள் எண்பத்தாறு" என்று சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த இரண்டு தட்டில் ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்த எண்பத்தாறில் பரிவும் இருந்தது, கொஞ்சம் அதட்டலும் இருந்தது. ஊரில் முதலில் பெயரைக் கேட்பார்கள், அப்புறம் ஊரை, அப்புறம் தெருவை. தெருவை எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த இடத்தில் வருஷம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. 83க்கு முன்னாலா பின்னாலா, படிப்பு விசாவா அகதி மனுவா, குளிருக்குக் கோட்டு வாங்கக் காசில்லாத காலத்தில் வந்தவரா, கோயிலும் சரவணபவனும் வந்தபின் வந்தவரா. ஒரு எண்ணில் எல்லாம் முடிந்துவிடும். எனக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. என்னைவிட இரண்டு வருஷம் பின்னால் வந்தவர்களுக்கு நான் பஸ் ரூட் சொல்லிக்கொடுக்கும் தொனியைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

இந்தப் பழக்கத்தோடுதான் வேலை மாற்றலாகி, கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கான் போனேன். வைட்ஹார்ஸ் நகரில் ஒரு அலுவலகக் கணக்குப் பிரிவு. மேசைக்கு எதிர் மேசையில் ஓல்ட் குரோ கிராமத்துக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வுன்டுட் குவிச்சின் பழங்குடி இனத்தவர். ஓல்ட் குரோ அங்கிருந்து வடக்கே 700 கிலோமீட்டருக்கு மேல், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால். சாலை கிடையாது, விமானம்தான். ஊர் மொத்தமும் சுமார் 250 பேர். நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டு அறையில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பேச ஏதாவது வேண்டுமே என்று, நாங்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "உங்க ஆளுங்க இங்கே எப்போ வந்தாங்க?"

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "எங்கேயிருந்து?" என்றார்.

நான் விடவில்லை. ஆசியாவிலிருந்து, பனிக்காலத்தில், நிலப்பாலம் வழியாக என்று ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒப்பித்தேன். அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான். "அது பள்ளிக்கூடத்துல சொல்றது. எங்க பாட்டி அப்படிச் சொல்லல. நாங்க இங்கேதான் இருந்தோம்." அதற்குள் யாரோ மைக்ரோவேவில் வைத்த சாப்பாடு கூவியது, பேச்சு மாறிவிட்டது. ஒரு சுளையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் பணிவாகத் தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

என்னை உறுத்தியது அந்தத் தலையாட்டல்தான். திருச்சியில் என் பெரியப்பா ஒருவர் இருந்தார். கடல்கொண்ட கண்டம், உலகின் முதல் குரங்கு மனிதனாக மாறியதே அங்கேதான், முதலில் பேசியதும் தமிழ்தான் என்று மணிக்கணக்கில் பேசுவார். கல்லூரி முடித்த திமிரில் நான் அவரை மறித்து, "ஆதாரம் எங்கே பெரியப்பா?" என்று கேட்டு, வீட்டார் முன்னால் மடக்கியிருக்கிறேன். மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பரவினார்கள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அப்படியிருக்க, பெரியப்பாவிடம் ஆதாரம் கேட்ட அதே வாய், இந்தச் சாப்பாட்டு அறையில் ஏன் மூடிக்கொண்டது? மரியாதை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நெருக்கமானவரோடு சண்டை போடுவோம், அந்நியரிடம் தலையாட்டுவோம். குழந்தை சொல்லும் கதைக்கு 'ம்' கொட்டுவதுபோல அவருக்கு 'ம்' கொட்டியிருக்கிறேன். மரியாதையின் உடையில் வந்த அலட்சியம் அது.

பாலத்தில் யார் வீடு கட்டுவார்கள்

வைட்ஹார்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அலாஸ்கா நெடுஞ்சாலை ஓரமாக பெரிஞ்சியா மையம் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் மாமூத் யானைச் சிலைகள். மழை பெய்த ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பத்து வயது. நான் வழக்கம்போல, இந்தப் பக்கம் ஆசியா, அந்தப் பக்கம் அமெரிக்கா, நடுவில் பாலம், அதில் நடந்து வந்தார்கள் என்று விளக்கினேன். அவள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இவ்ளோ பெருசா இருக்கே, இதைப் போய் ஏன்மா பாலம்னு சொல்றாங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. பாலம் என்றதும் நம் மனத்தில் சேதுதான் வருகிறது, கடல் நடுவே ஒரு ஒற்றை வரி. பெரிஞ்சியா என்கிற இந்தப் பெரிங் நிலப்பகுதி அப்படியானது அல்ல. பனியூழி உச்சத்தில் உலகத்தின் நீரில் கணிசமான பங்கு பனிப்பாளமாக உறைந்துகிடந்ததால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே ஆழமில்லாத கடற்படுகை முழுக்கத் தரையாகிவிட்டது. வடக்கு தெற்காக அதன் அகலமே 1,000 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போனாலும் அகலம் தீராது. கனடாவின் மற்ற பகுதிகள் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிக்கு அடியில் கிடந்தபோது, யூக்கானின் கணிசமான பகுதி பனிப்பாளம் இல்லாமல் இருந்தது. காரணம் எளிது. கடலோர மலைகள் ஈரத்தையெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டன. குளிர் இருந்தது, ஆனால் பனிப்பாளம் கட்டுமளவுக்குப் பனி விழவில்லை. வறண்ட புல்வெளி. அதில் குதிரை, மாமூத், காட்டெருமை. ஆக, அங்கே இருந்தவர்களுக்கு அது அக்கரைக்குப் போகும் வழி என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. கிழக்கே பனிச்சுவர், மேற்கே அவர்கள் பிறந்து வளர்ந்த வெளி. மரபணு ஆய்வாளர்களில் ஒரு சாரார், அமெரிக்கப் பழங்குடிகளின் முன்னோர் ஆசிய உறவினரிடமிருந்து பிரிந்தபின் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எங்கோ தனித்துத் தங்கியிருந்தார்கள், அந்த இடம் பெரிஞ்சியாவாக இருக்கலாம் என்கிறார்கள். அலாஸ்காவில் கிடைத்த சுமார் 11,500 ஆண்டுப் பழமையான ஒரு பெண்குழந்தையின் மரபணுவை 2018இல் வெளியிட்டபோது, அதுவரை அறியப்படாத ஒரு கிளை அதில் தெரிந்தது. பண்டைய பெரிஞ்சியர் என்று பெயர் வைத்தார்கள்.

பாலம் என்று பெயரிட்டவர்கள் பின்னாளில் வரைபடத்தின் மேல் நின்று பார்த்தவர்கள். இரண்டு பக்கமும் பெயருள்ள கண்டம் இருந்ததால் நடுவில் இருந்தது பாலமாகிவிட்டது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி அதை மூடியது. கடல்கொண்ட நிலம்! பெரியப்பா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டுத் தொடையைத் தட்டியிருப்பார்.

ஓல்ட் குரோவுக்குத் தென்மேற்கே 54 கிலோமீட்டரில் புளூஃபிஷ் குகைகள். சுண்ணாம்புப் பாறையில் மூன்று சிறு பொந்துகள் என்றால் போதும். ஜாக் சின்க்-மார் என்ற தொல்லியலாளர் 1977 முதல் 1987 வரை அங்கே தோண்டினார். மனிதர்கள் 24,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துபோயிருக்கிறார்கள் என்றார். அமெரிக்காவில் 13,000 ஆண்டுகளுக்கு முன் யாருமே இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவருக்குக் கிடைத்தது ஏளனம். நிதி வற்றியது, பேச்சு எடுபடவில்லை. முப்பது ஆண்டு கழித்து லோரியான் பூர்ஜோன் என்ற ஆய்வு மாணவி, அந்தக் குகைகளில் எடுத்துச் சேமித்திருந்த சுமார் 36,000 எலும்புத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 15 துண்டுகளில் கல்லாயுதம் அறுத்த தடம் உறுதி, இன்னும் 20இல் அநேகமாக. இருப்பதிலேயே பழையது ஒரு குதிரையின் தாடை, 24,000 ஆண்டு. அதன் உள்பக்கத்தில் இணைகோடுகளாகக் கீறல். நாக்கை அறுத்து எடுத்திருக்கிறார்கள். இன்னும் எல்லா ஆய்வாளரும் இதை ஏற்றுவிடவில்லை. ஆனால் அந்த நாக்கு எனக்குள் என்னவோ செய்தது. கறிக்கடையில் நாக்கைத் தனியாகக் கேட்டு வாங்கும் ஆட்களை எனக்குத் தெரியும். வயிற்றுக்குத் தேவையென்று மட்டும் அறுத்தவன் தொடையை அறுத்திருப்பான். நாக்கை எடுத்தவனுக்கு ருசி தெரியும்.

சரி, பாட்டி சொன்னதே சரி என்று எழுதிவிடலாமா? அந்தக் குகைக்காரர்கள்தான் இன்றைய குவிச்சினின் நேர் முன்னோர் என்று எலும்பில் எழுதியிருக்கவில்லை. 24,000 ஆண்டில் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள், போயிருப்பார்கள், கலந்திருப்பார்கள். போனவர்களுக்கும் கணக்கு உண்டு. இங்கே பேசப்படும் குவிச்சின் முதலான டெனே குடும்ப மொழிகளின் சொந்தங்கள் தெற்கே அரிசோனாப் பாலைவனத்தில் நவாஹோ என்றும் அப்பாச்சி என்றும் இருக்கின்றன. குவிச்சின் கதைகளில் ஒரு பயணி வருவான், பெரிய பெரிய விலங்குகளை அடித்து இன்றைய அளவுக்குச் சிறிதாக்குவான். ஓல்ட் குரோ ஆற்றங்கரையில் கரடி பருமனில் இருந்த, பீவர் என்ற கொறிவிலங்கின் ராட்சத வகையின் எலும்புகள் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் கதைக்குள் விஞ்ஞானம் தேடி எடுத்து, 'அன்றே சொன்னார்கள்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதைப் படித்துப் படித்து அந்த ஆசை வந்தவுடன் அடக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

ஒரு சுரண்டியின் வயது

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சுரண்டி கண்ணில் பட்டது. 1966ஆம் ஆண்டு கோடையில் ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற தொல்லுயிரியலாளர் ஓல்ட் குரோ ஆற்றுப் படுகையில் பனியூழி விலங்குகளின் எலும்பு தேடிக்கொண்டிருந்தார். உடன் இருந்தவர் ஓல்ட் குரோவைச் சேர்ந்த பீட்டர் லார்ட். மாமூத் எலும்புகள் கிடந்த இடத்திலேயே காரிபு மானின் கால் எலும்பு ஒன்று கிடைத்தது. ஒரு நுனியைச் சரிவாகச் சீவி, ரம்பம்போலப் பல் வெட்டியிருந்தார்கள். தோலின் உள்பக்கத்தில் ஒட்டிய சதையையும் சவ்வையும் வழிக்கும் கருவி. அறிவியல் உலகத்துக்கு அது பெரும்புதையல். மாமூத்தோடு கிடந்தது என்றால் மாமூத் காலத்துக் கருவி. கார்பன் காலக்கணிப்பு செய்தார்கள். 27,000 ஆண்டு! 1973 ஜனவரி 26ஆம் தேதி ஓர் உயர்ந்த அறிவியல் இதழில் அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று என்று பாடப்புத்தகம் வரை போனது.

1986இல் அது கவிழ்ந்தது. முதல் கணிப்பில் எலும்பின் தாதுப் பகுதியை எடுத்துப் பார்த்திருந்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பின் தாதுப் பகுதி நிலத்தடி நீரிலுள்ள பழைய கரிமத்தை உறிஞ்சிக்கொள்ளும், வயதைப் பொய்யாகக் காட்டும். இடைப்பட்ட காலத்தில் மிகச் சிறிய மாதிரியை வைத்தே கணிக்கும் கருவிகள் வந்துவிட்டன. இம்முறை எலும்பிலுள்ள புரதமான கொலாஜனை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். வயது சுமார் 1,350 ஆண்டு. இடம்தான் ஏமாற்றியது. ஓல்ட் குரோ ஆறு கரையை அரித்து அரித்து எல்லாக் காலத்து எலும்பையும் ஒரே மணல்திட்டில் கொண்டுவந்து குவித்திருக்கிறது. மாமூத்துக்குப் பக்கத்தில் நேற்றுச் செத்த மானும் கிடக்கும். திருத்தி எழுதிய கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஹாரிங்டனும் ஒருவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தான் கொண்டாடிய எண்ணைத் தானே அடிப்பதற்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

படித்ததும் எனக்கு ஏமாற்றம். உண்மையான ஏமாற்றம், பந்தயத்தில் பணம் கட்டித் தோற்றவர்போல. என் சக ஊழியருக்காக நான் மனத்துக்குள் ஒரு வழக்கு தயாரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, அதில் முக்கியச் சான்று விழுந்துவிட்டது. 1,350 ஆண்டு என்றால் நம் பல்லவர் காலம். அப்புறம் அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். அதில் நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்த ஒரு செய்தி இருந்தது. ஆற்றங்கரையில் கையில் எடுத்தவுடனேயே பீட்டர் லார்டுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஆராய்ந்து கண்டுபிடித்தார் என்பதாக இல்லை. அவருடைய ஊரில் அப்போதும் பெண்கள் அதை வைத்துத்தான் தோல் வழித்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பரணில் ஓர் அரிவாள்மணை கிடந்தால் அதை நாம் ஆராய்வோமா?

இருபது வருஷம், இரண்டு ஆய்வுக்கூடக் கணிப்பு, ஒரு பெரிய புகழ், ஒரு பெரிய திருத்தம். இவ்வளவுக்கும் அடியில் அந்த முதல் வாக்கியம் அசையாமல் இருந்தது. இது தோல் சுரண்டி. 27,000 என்றாலும் அதுதான், 1,350 என்றாலும் அதுதான். ஓல்ட் குரோவுக்குக் கொஞ்சம் மேலே போர்க்குபைன் ஆற்றங்கரையில் குளோ-கட் என்று ஓர் இடம். காரிபு மந்தை வருஷா வருஷம் ஆற்றைக் கடக்கும் துறை. 1960களில் அங்கே தோண்டியபோது ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அதே இடத்தில் அதே மானை எதிர்பார்த்து ஆட்கள் முகாமிட்டிருந்தது அடுக்கடுக்காகத் தெரிந்தது. அந்தச் சுரண்டி ஏறத்தாழ அந்த அடுக்குகளின் காலத்துக்காரி. முதல் கணிப்பு அவளை ஊரிலிருந்து பிரித்து மாமூத்துகளோடு நிறுத்தியது. இரண்டாவது கணிப்பு வீட்டில் கொண்டுவந்து விட்டது.

இதையெல்லாம் யோசித்தபோதுதான் பெரியப்பாவுக்கும் என் சக ஊழியருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பிடிபட்டது. பெரியப்பாவிடம் ஓர் எண் இருந்தது. ஐம்பதாயிரம் என்பார், கேட்பவர் வாயைப் பிளந்தால் லட்சம் என்பார். எண் பெரிதாகப் பெரிதாக மற்றவர்கள் சிறியவர்களாவார்கள். கோயில் வரிசை அம்மாவின் எண்பத்தாறும், என்னுடைய பஸ் ரூட் தொனியும் அதே ரகம்தான், அளவுதான் சின்னது. ஓல்ட் குரோக்காரர் எனக்கு எண்ணே தரவில்லை. எண்ணைக் கேட்டது நான். அவர் திருப்பிக் கேட்டது, எங்கேயிருந்து என்று மட்டும்.

ஜனவரியும் பிப்ரவரியும்

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 27,000 ஆண்டு என்று அந்த இதழ் அறிவித்தது 1973 ஜனவரி 26. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, கனடா உச்ச நீதிமன்றம் நிஸ்கா பழங்குடி இனத்தாரின் நில வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உரிமை இன்னும் இருக்கிறதா என்பதில் நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று பிரிந்தார்கள், ஏழாமவர் வழக்குமுறைக் காரணம் சொல்லித் தள்ளுபடி செய்தார். வழக்கு தோற்றது. ஆனால் வெள்ளையர் வருமுன் பழங்குடிகளுக்கு நிலத்தில் உரிமை இருந்தது என்பதை ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, எலைஜா ஸ்மித் தலைமையில் யூக்கான் பழங்குடித் தலைவர்கள் ஒட்டாவாவுக்குப் போய்ப் பிரதமர் பியேர் ட்ரூடோவிடம் தங்கள் நிலக் கோரிக்கையைக் கையளித்தார்கள்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நிகழ்ச்சிகள். ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் பாருங்கள். குடியேறியவர்கள் வந்தபோது இவர்கள் இங்கே இருந்தார்கள், சமூகமாக அமைந்து, முன்னோர் நூற்றாண்டுகளாக வாழ்ந்ததுபோல நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அதன் சாரம். நூற்றாண்டுகள். பத்தாயிரங்களை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. சுரண்டியின் வயது 1986இல் சரிந்தபோது யாருடைய நிலமும் அதோடு சேர்ந்து சரியவில்லை. 1993இல் வுன்டுட் குவிச்சின் தங்கள் நில ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1995இல் அது நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு வுன்டுட் தேசியப் பூங்காவும் வந்தது.

போன நவம்பரில் மறுபடி அதே சாப்பாட்டு அறை. முன்பு அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. "நீங்க கேட்டீங்களா? எல்லாருமே கேக்கறதுதான்" என்றார். சுரண்டி கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கைபேசியை எடுத்துத் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தினார். ஓல்ட் குரோவில் அவருடைய சித்தி, கம்பில் கட்டித் தொங்கவிட்ட தோல் முன்னால் நிற்கிறார், முழங்கை வரை ஈரம். கையில் எலும்பு. பிடிக்க வசதியாகப் பழைய காரின் சீட் பெல்ட் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியில் பல் வெட்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "இது எவ்வளவு பழசு?" என்று கேட்டுவிட்டேன்.

"போன வருஷம் செஞ்சது" என்றார். "பழசு உடைஞ்சு போச்சு."